மாரி காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் லீவும் எங்கள் மாரியும் ஒரே நேரத்தில் வருகின்றன. அதனால் ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறந்ததுமே கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர், வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள், தமிழ்நாட்டு நண்பர்கள் என்று ஆளாளுக்கு அதே கேள்விகளோடு போன் எடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக வட்சப்பில் எழுதுவதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கொழும்புல மே, ஜூன்லதானே கொட்டுது. உங்கட பக்கமும் அப்பதான் மழையா?

இல்லை, நேர்மாறு. மே முதல் செப்டம்பர் வரை வீசுகிற தென்மேற்குக் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, காய்ந்த சூட்டுக் காற்றாகத்தான் எங்களிடம் இறங்கி வரும். அதைத்தான் இங்கே கச்சான் என்கிறோம். அந்தக் காலத்தில் மதியம் வெளியே நடக்கவே மனம் வராது.

எங்கள் மழை ஒக்டோபர் நடுப்பகுதியில் இடி மின்னலோடு தொடங்கும். பிறகு வாடைக்காற்று பிடித்து நவம்பர், டிசம்பர், ஜனவரி முழுக்கத் தொடரும். பெப்ரவரியில் மெல்லமெல்ல ஓயும். வருடம் முழுவதும் மட்டக்களப்பில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அந்த நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்திலேயே பெய்து முடிந்துவிடும். அம்பாறைக் கரையோரமும் ஏறக்குறைய இப்படித்தான்.

அந்த மூணு மாசமும் ஓயாம ஊத்துமா, இல்ல வந்து வந்து போகுமா?

வந்து வந்து போகும். ஒக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் காலையில் வெயில் நன்றாக இருக்கும், பின்னேரம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்து ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துப் பெய்யும். டிசம்பர், ஜனவரியில் இது மாறிவிடும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால் இரண்டு மூன்று நாள் அடைமழை, அது விலகினால் பல நாளுக்கு இளவெயிலும் இடைக்கிடை தூறலும்.

ஆகவே ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு வந்தால் குறைந்தது ஒரு நாளாவது நல்ல வெளிச்சம் கிடைப்பது வழக்கம், மற்ற நாட்களை மழைக்கென்றே ஒதுக்கிவிடலாம். மழைக்கென்று ஒதுக்கிய நாளில் அவசரமே இருக்காது, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அக்கா, டிசம்பர்ல வந்தா பார்க்க என்ன இருக்கு? கடலுக்கும் போகேலாது எண்டுறீங்க.

வாவிக்கு மேற்கே படுவான்கரை இருக்கிறது. வாவி என்றால் கடலோடு திறக்கிற எங்கள் நீண்ட களப்பு, பேச்சில் ஆறு என்றும் சொல்வோம். மட்டக்களப்புக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கல்லடிப் பாலம், கடற்கரை, கோட்டை, அதோடு சரி. படுவான்கரை வயல் நாட்டை மாரியில் பார்க்காதவர் மட்டக்களப்பைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிசம்பர் கடைசியில் முன்மாரி வெள்ளாமை இடுப்பளவு வளர்ந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே பச்சை. மேலே கருமேகம் நிற்கும்போது அந்தப் பச்சை இன்னும் அடர்த்தியாகத் தெரியும். ஓகஸ்டில் இதே இடத்துக்கு வந்தால் பாதி நிலம் வெடித்துக் கிடக்கும்.

போவதற்கு மண்முனைப் பாலம் வசதி. 2014இல் அந்தப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் ஆட்களும் வாகனமும் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். பாதை என்றால் இங்கே ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவைப் படகு. பாலத்தின் நடுவே ஒதுங்கி நின்றால் மழை வாவியின் மேல் திரையாக நகர்ந்து வருவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். முகத்தில் முதல் துளி விழுவதற்கு முன்பே அதன் இரைச்சல் கேட்கும். அங்கிருந்து கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போய், மழை விடும்வரை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கலாம். மார்கழியில் வந்தால் விடியற்காலைத் திருவெம்பாவைப் பூசையையும் விடாதீர்கள்.

இன்னும் உள்ளே போக விருப்பம் என்றால் வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளம். நிறைந்த குளத்தை மாரியில்தான் பார்க்க முடியும். அம்பாறை மாவட்டத்தில் இதே மாதிரி, இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது இங்கினியாகலையில் உள்ள சேனநாயக்க சமுத்திரம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போனால் மஹாஓயா வெந்நீரூற்று வரும், அதுவும் அம்பாறை மாவட்டம்தான். தூறலில் நனைந்து குளிர் ஏறிய பிறகு அந்தச் சுடுதண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றுகிற சுகம் கச்சான் காலத்தில் கிடைக்காது. ஒவ்வொரு ஊற்றும் ஒவ்வொரு சூடு. கை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், சிலது தாங்க முடியாத கொதி.

பாசிக்குடாவுல நீச்சல் அடிக்கலாமா? அலையே இல்லாத கடல்னு படிச்சேன்.

அலையில்லாத, நெடுந்தூரம் நடந்தாலும் ஆழம் ஏறாத கடல் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கும் உண்மை. வாடை பிடித்தபின் தண்ணீர் கலங்கி, காற்று நேரே கரைக்கு அடிக்கும். அந்த நேரத்தில் குளிக்க வேண்டாம். கரையில் நடக்கலாம், கல்குடாப் பக்கம் ஆளே இல்லாத நீண்ட கரை இருக்கிறது. ஹோட்டல்காரர்களும் இந்த மாதங்களில் விலையைக் குறைப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

அறுகம்பை? சேர்ஃபிங்?

அதுவும் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரைக்குமான விஷயம். டிசம்பரில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், தங்குமிடங்களிலும் பல மூடியிருக்கும். ஊர் தன்பாட்டில் அமைதியாக இருப்பதைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் நல்ல காலம், கொண்டாட்டம் தேடி வருகிறீர்கள் என்றால் வராதீர்கள்.

பாடுமீன் சத்தம் மழைக்குள்ள கேக்குமா?

கஷ்டம். பாடுமீன் என்பது வாவித் தண்ணீருக்குள்ளிருந்து இசை மாதிரி எழுகிற சத்தம். கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் விட்டு அடுத்த நுனியில் காது வைத்துக் கேட்கிற விஷயம் அது. வாவி அசையாமல் இருக்கிற கோடைகால நிலவு இரவுகள்தான் அதற்கு நல்லது. மாரியில் ஆற்றுத் தண்ணீர் கலங்கி ஓடும், ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) கூட்டம் கூட்டமாகப் பாலத்தடியில் மிதந்து போகும். அதைப் பார்ப்பதற்கும் பாலத்துக்குப் போகலாம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், 2013இல் திறந்த புதுப்பாலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

ரயில்ல வாறதா, பஸ்ஸா, கார் எடுக்கிறதா?

கொழும்பிலிருந்து என்றால் ரயில், யோசிக்கவே வேண்டாம். உதயதேவி ரயில் காலையில் கொழும்புக் கோட்டையிலிருந்து கிளம்பி மாகோ, கல்லோயா, பொலன்னறுவை வழியாக வருகிறது. பகல் முழுக்கப் போய்விடும், ஆனால் மழைப் பயணத்துக்கு ரயில் ஜன்னலை விட நல்ல இருக்கை கிடையாது. மின்னேரியாவைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காடும் குளமும்தான். வெலிக்கந்தை, புனாணை வரும்போது மழை பிடித்துவிட்டதென்றால் ஜன்னலை இழுத்து மூடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு வாருங்கள். ஈரமண் வாசம் பெட்டி முழுக்க நிற்கும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. பெருமழையில் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஏறினால் ரயிலை இடையில் நிறுத்திவிடுவார்கள். அதே நேரத்தில் மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி பெருகி வீதியும் மூடலாம். ஆகவே கிளம்புகிற அன்று காலையில் கட்டாயம் விசாரியுங்கள். கார் எடுத்து வருகிறவர்கள் இரவில் ஓடவே வேண்டாம். மழை இருட்டில் வீதியில் நிற்கிற யானையும் மாடும் பக்கத்தில் வரும்வரை தெரியாது.

கல்முனை, அக்கரைப்பற்று எண்டு பொத்துவில் வரைக்கும் மழைக்குள்ள பஸ்ஸில போறது வீணான வேலைதானே?

எனக்குக் கேட்டால் இந்தப் பக்கத்தில் மழைநாளில் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் அதுதான். நூறு கிலோமீற்றருக்கு மேல், வீதி நல்ல வீதி, ஏறக்குறைய முழுவதும் கரையோரம். மட்டக்களப்பில் காலையில் ஏறி இடது பக்க ஜன்னல் பிடியுங்கள், அந்தப் பக்கம்தான் கடல் இருக்கிறது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி தாண்டிக் கல்லாறு வந்ததும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இரண்டுமே கிட்ட வந்துவிடும். அந்த இடத்தில் மழை பெய்தால் எது கடல், எது வாவி, எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கல்முனையில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ் எடுக்கலாம். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று ஊரும் ஊரும் ஒட்டியே இருக்கும், இடைவெளி கிடைக்கிற இடமெல்லாம் வயல். ஒரு கோயில் கோபுரம், அடுத்து ஒரு பள்ளிவாசல் மினாரா, மறுபடி கோயில். மழைக்கு ஒதுங்கி நிற்கிற சனத்தைப் பார்ப்பதே ஒரு பொழுது, கடை வாசலில் தெரியாத ஆட்கள் இடம் விட்டு நெருங்கி நின்று ஊர்க்கதை பேசுவார்கள். நீங்களும் இறங்கி நின்றால் ஐந்து நிமிடத்தில் "எந்த ஊர், ஆருடைய பிள்ளை" என்று கேட்டுவிடுவார்கள்.

அக்கரைப்பற்று தாண்டித் தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி வரும்போது ஊர்கள் குறைந்து வெளி அகலும். திருக்கோவிலில் முருகன் கோயில் கடலுக்கு மிகக் கிட்ட இருக்கிறது. வாடைக்காலத்தில் அந்தக் கரையில் அலை விழுகிற சத்தத்தைக் கேட்க அங்கே ஒருமுறை இறங்குங்கள். இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள், அல்லது பொத்துவிலில் தங்கிவிடுங்கள்.

என்ன கொண்டு வரணும்? குடையா, றெயின்கோட்டா?

வாடைக்காற்றில் குடை கவிழ்ந்து போகும், ஆகவே றெயின்கோட். சப்பாத்தை வீட்டில் விட்டுவிட்டு, பின்னால் வார் உள்ள றப்பர் செருப்பு போடுங்கள். சும்மா செருப்பு சேற்றில் மாட்டிக் கழன்றுவிடும். ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது, மெல்லிய துணி நல்லது. இரவில் உடுக்க ஒரு சாரமோ வீட்டு உடுப்போ தனியாக சொப்பிங் பேக்கில் கட்டி வையுங்கள். மாரியில் நனையாத ஒரே ஒரு மாற்று உடுப்பு இருந்தாலே மனம் நிம்மதியாக இருக்கும்.

கரண்ட் போகும், அதனால் டோர்ச்சும் பவர் பேங்கும் தேவை. காசு எடுக்கிற மெசின் வேலை செய்யாத நேரமும் வரும், கையில் கொஞ்சம் காசு வைத்திருங்கள். நுளம்புக்கு ஏதாவது பூச்சு. அவ்வளவும் போதும்.

ஏசி ரூமில இருந்து வெளியே வந்ததும் போன் கமெராவில புகை மாதிரி வருது, படமே எடுக்கேலாம இருக்கு.

குளிர்ந்த கண்ணாடியில் வெளியே உள்ள ஈரக்காற்று படிவதுதான் அது. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்திவிடுங்கள். துடைத்துத் துடைத்துக் கீறல் விழ வைக்க வேண்டாம், தானாகவே தெளியும்.

மழைக்குள்ள சாப்பிட என்ன நல்லம்?

இறால். மாரியில் வாவிக்குள் புதுத்தண்ணீர் வந்து, முகத்துவாரமும் (வாவி கடலில் சேர்கிற வாய்) திறந்துவிட்டால் ஆற்று இறால் சந்தைக்கு வரத் தொடங்கும். கடல் மீனுக்கு இந்த மாதங்களில் தட்டுப்பாடு வரும், ஏனென்றால் காற்று நாட்களில் தோணிகள் கடலுக்கு இறங்காது. அப்போது வாவி மீனும் குளத்து மீனும்தான் சட்டியில். அவித்த பிட்டும் இறால் குழம்பும் காலைச் சாப்பாடாகக் கிடைத்தால் அதற்குமேல் எதுவும் தேட வேண்டாம்.

பின்னேரத்துக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கும் இடிச்ச சம்பலும், இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணியும். மஹாஓயாப் பக்கமோ சியம்பலாண்டுவைப் பக்கமோ போகிறவர்கள் வீதியோரத்தில் அவித்துக்கொண்டிருக்கிற சோளனை வாங்காமல் வரக்கூடாது, கைக்கும் சூடு, வயிற்றுக்கும் சூடு. எருமைத் தயிர் மழைக்கு ஆகாது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மாரி கோடை பார்க்காமல் சாப்பிடுகிறோம். ஆனால் தண்ணீர் விஷயத்தில் கவனம், வெள்ளம் ஏறி இறங்கிய ஊரில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

மழையில நனைஞ்சா காய்ச்சல் வரும் எண்டு அம்மா விடமாட்டா. மெய்தானா?

மழை காய்ச்சலைத் தருவதில்லை, கிருமிதான் தருகிறது. நனைந்தால் துடைத்து உடுப்பு மாற்றினால் சரி. பிள்ளைகள் முற்றத்தில் நனைந்து விளையாடட்டும், இடி இல்லாத நேரமாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. ஒன்று எலிக்காய்ச்சல். வயல் தண்ணீரிலும் தேங்கிய வெள்ளத்திலும் எலியின் சிறுநீர் கலந்திருக்கும், காலில் காயம் இருந்தால் அதன் வழியே கிருமி ஏறும். காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள். ஊருக்குத் திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், நான் வெள்ளத்தில் இறங்கினேன் என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கும். மற்றது டெங்கு, மழை விட்டபிறகுதான் கூடும்.

சின்னப் பிள்ளைகளும் வயசான மாமியும் வாறாங்க. அலைய ஏலாது. ஒரே இடத்தில இருந்து மழை பார்க்க ஏலுமா?

ஏலும், மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவிலேயே தங்குங்கள். வாவி சுற்றி நிற்கிற நகரம் அது. காந்தி பூங்காவில் உட்காரலாம், மழை இறுகினால் ஓட்டோ பிடித்து ஐந்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பலாம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையும் நடக்கிற தூரத்தில்தான். வாசல் திண்ணையோ மாடி வராந்தாவோ உள்ள தங்குமிடமாகக் கேட்டு எடுங்கள், நட்சத்திர ஹோட்டலை விட அது முக்கியம். மாமிக்கு ஒரு கதிரையும் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தால் அவ தன் சின்ன வயது மழைக் கதையெல்லாம் எடுத்துவிடுவா.

ஆற்றங்கரையில் பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம். வாவியில் முதலை உண்டு, தண்ணீர் ஏறினால் அவை வழக்கமில்லாத இடத்துக்கும் வரும்.

முகத்துவாரம் வெட்டுறாங்க எண்டு செய்தியில சொல்றாங்க. அது என்ன, போய்ப் பார்க்கலாமா?

கோடையில் கடல் அலை மணலைக் கொண்டுவந்து வாவியின் வாயை அடைத்துவிடும். மாரியில் தண்ணீர் ஏறும்போது அந்த மணல் திட்டை இயந்திரத்தால் வெட்டிக் கடலுக்குத் திறந்துவிடுவார்கள். மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் பாலமீன்மடுவில் ஒன்று, தெற்கே கல்லாற்றில் ஒன்று. எப்போது வெட்டுவது என்பதில் ஒவ்வொரு வருடமும் பேச்சு எழும். வயல்காரருக்குத் தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும், மீன்பிடிக்கிறவருக்கு அவசரப்பட்டுத் திறந்தால் வாவி மீன் கடலோடு போய்விடும் என்ற கவலை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, அதிகாரிகள் தண்ணீர் மட்டத்தையும் பார்த்து இருவரையும் கூட்டிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

போய்ப் பாருங்கள், ஆனால் தூர நின்று. பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டின் வெளிச்சவீடு இருக்கிறது, அந்தப் பக்கம் நல்லது. வெட்டிய வாயின் விளிம்பு மணல்தான், பாய்கிற தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும், மேலே நிற்கிறவருக்குத் தெரியாமல் சரிந்துவிடும்.

மழை விட்டு ரெண்டு நாளா நல்ல வெயில். ஆனா ரோட்டு தண்ணிக்குள்ள எண்டுறாங்க. மழையே இல்லாம எப்படி வெள்ளம் வரும்?

இந்தப் பக்கத்தில் மழைக்காலத்தில் பயணம் செய்கிறவர் ஒன்றே ஒன்றைத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது இதுதான். தலையில் விழுகிற மழை உங்களை நனைக்கும், அவ்வளவுதான். வீதியை மூடுகிற தண்ணீர் வேறெங்கோ, முந்தாநாள் விழுந்தது. பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பெய்கிற மழை பட்டிப்பளை ஆறாகச் சேனநாயக்க சமுத்திரத்துக்கு வருகிறது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று நிறைகுளங்கள் வரிசையாக இருக்கின்றன. குளம் நிறைந்ததும் வான் பாயும், அதாவது மிகுதித் தண்ணீர் தானாக வழிந்து வெளியேறும், அல்லது வான்கதவைத் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் வயலையும் ஊரையும் கடந்து வாவிக்கு வந்து சேர நேரம் எடுக்கும், முகத்துவாரம் திறந்திருந்தால்தான் அங்கிருந்து வடியும், அதுவும் கடல் ஏறி நிற்கிற நாளில் மெல்லத்தான்.

அதனால்தான் வெயிலில் நின்றுகொண்டு வெள்ளம் பார்க்கிறோம். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகிற வீதி பெருமழை வருடங்களில் மூடி, சனம் படகில் போய்வரும். குடும்பிமலைக்குப் போக நினைக்கிறவர்களும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போவார்கள், ஆகவே மாரியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். மண்டூர், வெல்லாவெளிப் பக்கமும் நவகிரித் தண்ணீர் வந்தால் இதே கதை. காலையில் வானத்தைப் பார்ப்பதோடு "எந்தக் குளம் வான் பாயுது?" என்றும் ஒரு தேத்தண்ணிக் கடையில் கேளுங்கள், சரியான பதில் வரும்.

தண்ணி முழங்காலுக்குத்தான் நிக்குது, ட்ரக்டர் எல்லாம் போகுது. நாங்களும் மெதுவா போகலாம்தானே?

போகக் கூடாது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மதரசாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்தக் காரைதீவைத் தாண்டித்தான் மேலே சொன்ன பஸ் போகிறது. இதற்குமேல் வேறு உதாரணம் தேவையில்லை.

ஓடுகிற தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். ஒரு அடி இருந்தால் சின்னக் காரைத் தூக்கும். வீதியின் நடுவில் தார் அரித்துப் போயிருந்தாலும் மேலிருந்து தெரியாது. திரும்பி வாருங்கள், கிட்டிய ஊரில் ஒதுங்குங்கள்.

எச்சரிக்கை எல்லாம் எங்க பார்க்கிறது?

வானிலைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் தமிழ் அறிவித்தல், ஆறு குளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், அனர்த்தம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம். அம்புலன்ஸ் 1990. இடிக்கு எந்த அறிவித்தலும் தேவையில்லை. காதில் விழுந்தால் வாவித் தோணியை விட்டும் வெட்டை வயலை விட்டும் உள்ளே வாருங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகட்டும்.

நீங்க மழை அழகு எண்டு எழுதுறீங்க, இங்க சனம் வருசா வருசம் பள்ளிக்கூடத்தில போய்ப் படுக்குது. இதை ரசிக்க ஆக்களைக் கூப்பிடுறது சரியா?

நம்மூர்க்காரர் ஒருவர் கேட்டது, கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியை மறக்காத தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது, காற்று கூடினால் அவர்களுக்கு இன்றும் நித்திரை வராது. 2011 ஜனவரி வெள்ளத்தில் இரண்டு மாவட்டமும் மூழ்கி, விளைந்த வெள்ளாமை கண்ணெதிரே அழுகியது. ஆனால் இதே மழை இல்லாவிட்டால் குளம் இல்லை, குளம் இல்லாவிட்டால் அடுத்த போகமும் இல்லை. மாரி பிந்தினால் முதலில் கவலைப்படுகிறவரும் அதே வயல்காரர்தான். இங்கே மழையை நேசிப்பவரும் அதற்குப் பயப்படுபவரும் ஒரே ஆட்கள்.

ஆகவே என் பதில் இது: சாதாரண மாரி மழைக்கு வாருங்கள், வந்து ஊர்க் கடையில் சாப்பிட்டு, ஊர் ஓட்டோவில் ஏறி, சீசன் இல்லாத மாதத்தில் நாலு பேருக்கு வருமானம் கிடைக்கச் செய்யுங்கள். வெள்ளம் வந்துவிட்டால் பார்வையாளராக வர வேண்டாம். மூழ்கிய வீட்டின் முன்னால் நின்று செல்பி எடுப்பதும், நிவாரணம் வாங்க வரிசையில் நிற்கிறவரின் முகத்தைப் படம் பிடித்துப் போடுவதும் எனக்கு ஒருநாளும் ஏற்காது. உதவ விருப்பம் என்றால் அந்த ஊர்க் கிராம சேவையாளரிடமோ கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ என்ன தேவை என்று கேட்டு அதைக் கொடுங்கள்.

எல்லாம் புக் பண்ணியாச்சு. மூணு நாளில தாழமுக்கம் எண்டு இப்ப சொல்றாங்க. வரவா, விடவா?

தாழமுக்கம் என்று சொன்னதெல்லாம் சூறாவளி ஆவதில்லை, பல சும்மா மழையாகவே கரைந்து போகும். எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பாருங்கள். கிழக்குக் கரைக்குக் கிட்ட வரும் என்றோ, கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவருக்கு அறிவித்தல் வந்தோ, பாடசாலைகளுக்கு லீவு விட்டோ இருந்தால் திகதியைத் தள்ளுங்கள். முன்பே போன் எடுத்துச் சொன்னால் இங்கே பெரும்பாலான தங்குமிடக்காரர்கள் புரிந்துகொண்டு வேறு திகதி தருவார்கள், அவர்களுக்கும் நீங்கள் வெள்ளத்தில் மாட்டிக்கொள்வதில் விருப்பமில்லை.

ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றால் நடுவழியில் அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம். நகரத்தில் மேட்டுப்பாங்கான, கடலுக்கும் வாவிக்கும் கொஞ்சம் தள்ளிய தங்குமிடத்துக்கு மாறி, இரண்டு நாளுக்குத் தேவையான தண்ணீரும் பிஸ்கட்டும் மருந்தும் வாங்கி வைத்து, போனை முழுவதும் சார்ஜ் பண்ணிவிட்டு இருங்கள். காற்று தணிந்தபின் வீதி திறந்துவிட்டதா என்று 117க்கு எடுத்துக் கேளுங்கள், கையோடு வான் பாய்கிற குளம் எது என்றும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.